பனை நட்டவரின் பொறுமையும் அமெரிக்கத் தொழில் முயற்சிகளும்

அமெரிக்காவின் பங்குச் சந்தைகளும் புதிய கணினி நிறுவனங்களும் மீண்டும் ஒரு வேகமான காலகட்டத்தினுள் புகுந்துள்ளன. 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'சட் ஜீ.பி.ரி' என்னும் உரையாடும் செயலி பொதுமக்களின் பாவனைக்கு வந்ததைத் தொடர்ந்து, செயற்கை நுண்ணறிவு என்ற பெயரைத் தாங்கிய நிறுவனங்களை நோக்கிப் பணம் வெள்ளமெனப் பாயத் தொடங்கியது. அச்செயலியை உருவாக்கிய ஓப்பின் ஏ.ஐ. நிறுவனம் 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தன் மொத்தப் பெறுமதியை 30,000 கோடி டொலராகக் கணித்து, 4,000 கோடி டொலர் வரையான முதலீட்டைத் திரட்டுவதாக அறிவித்தது. எம்மில் பலர் பிறந்த நாட்டின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை விடவும் பெரிய தொகை இது.

இத்தகைய செய்திகள் வர்த்தகப் பக்கங்களோடு நின்றுவிடுவதில்லை. நியூ ஜேர்சியிலும், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும், ரெக்சாஸ் மாநிலத்தின் டலஸ், ஒஸ்ரின் நகரங்களிலும் வாழும் எம்மவர் இல்லங்களில் அவை கேள்விகளாக மாறி வந்து நிற்கின்றன. நல்ல சம்பளமுள்ள உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஐந்து பேர் மட்டுமே பணிபுரியும் 'ஸ்ராட்டப்' ஒன்றில் சேரப்போவதாக மகன் சொல்கிறான். வீட்டின் மீது கடன் எடுத்து ஒரு புதிய நிறுவனத்தில் பங்கு வாங்கலாமா என்று தந்தை கேட்கிறார். சீட்டு எடுத்த பணத்தைக் கைத்தொலைபேசி மூலம் பங்குகளில் இட்டவர்கள் காலையில் மகிழ்ந்தும் மாலையில் கலங்கியும் நாட்களைக் கழிக்கின்றனர்.

இக்கேள்விகளுக்குப் பொதுவாகக் கூறப்படும் பதில் 'பொறுமையாக இருங்கள்' என்பதாகும். பதறாத காரியம் சிதறாது என்பது எமது மூதாதையர் வாக்கு. ஆனால் பொறுமை என்பது ஒருவரது குணத்தை மட்டும் பொறுத்ததா என்பதை ஆராய வேண்டியுள்ளது. காத்திருப்பதற்கு விருப்பம் மட்டும் போதாது. காத்திருக்கக்கூடிய நிலையும் வேண்டும். அந்த நிலையை உருவாக்கிக் கொண்டவர்கள் யார், எவ்வாறு உருவாக்கினார்கள் என்பதற்கு அமெரிக்காவின் கடந்த முப்பது ஆண்டுகால வரலாறு தெளிவான சான்றுகளைத் தருகின்றது.

2000 ஆம் ஆண்டின் பாடம்

இன்றைய வேகம் முதல் முறையாக நிகழ்வதன்று. 1990களின் பிற்பகுதியில் இணையம் என்ற பெயரில் இதே போன்றதோர் அலை எழுந்தது. கணினி நிறுவனங்கள் பெருமளவில் இடம்பெற்றுள்ள நாஸ்டாக் பங்குச் சந்தையின் சுட்டெண் 2000 ஆம் ஆண்டு மார்ச் 10 ஆம் திகதி 5,048 புள்ளிகளைத் தொட்டது. 2002 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது 1,114 புள்ளிகளாக வீழ்ந்தது. நூறு டொலர் இட்டவரின் கையில் இருபத்திரண்டு டொலரே எஞ்சியது எனலாம். அந்தச் சுட்டெண் தனது பழைய உச்சத்தை மீண்டும் தாண்டுவதற்கு 2015 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை, அதாவது பதினைந்து ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

நியூ ஜேர்சி வாசிகள் இக்காலத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். 1947 ஆம் ஆண்டு திரான்சிஸ்ரர் கண்டுபிடிக்கப்பட்ட பெல் ஆய்வுகூடம் அமைந்திருந்த மறே ஹில் என்னும் இடத்தையே தலைமையகமாகக் கொண்டு இயங்கியது லூசென்ற் நிறுவனம். தொலைபேசி, இணையக் கருவிகளைத் தயாரித்த இப்பெரு நிறுவனத்தின் பங்கு 1999 ஆம் ஆண்டின் இறுதியில் 84 டொலர் வரை உயர்ந்தது. கருவிகளை வாங்குவோருக்குத் தானே கடன் கொடுத்து வாங்கச் செய்து, விற்பனை பெருகுவதாக அது காட்டி வந்தது. கடன் பெற்ற நிறுவனங்கள் முறிந்தபோது விற்பனையும் போயிற்று, கடனும் போயிற்று. 2002 ஆம் ஆண்டில் அதே பங்கின் விலை ஒரு டொலருக்கும் கீழே இறங்கியது. பல்லாயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தனர்.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், லூசென்ற் நிறுவனத்திடம் திறமைக்கோ அறிவுக்கோ பஞ்சம் இருக்கவில்லை. ஒவ்வொரு மூன்று மாத முடிவிலும் சந்தையின் எதிர்பார்ப்பை நிறைவேற்றியே தீரவேண்டும் என்ற நெருக்குதலே, நாளைய விற்பனையை இன்றே கடன் கொடுத்து வாங்கும் நிலைக்கு அதனைத் தள்ளியது. தன் காலத்தைத் தானே தீர்மானிக்க முடியாத நிறுவனம் எவ்வளவு பெரியதாயினும் பொறுமை காக்க முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

சொந்தக் காலில் நின்ற ஒரு நிறுவனம்

அதே புயலில், அதே துறையில் சிக்கிய ஒரு சிறிய நிறுவனம் வேறு விதமாக மீண்டது. அந்த நிறுவனத்தின் வரலாறு தமிழர்களோடு நெருங்கிய தொடர்புடையது. தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிறீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.ரி.யில் 1989 ஆம் ஆண்டு பட்டம் பெற்று, நியூ ஜேர்சியிலுள்ள பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 1994 ஆம் ஆண்டு கலாநிதிப் பட்டம் பெற்றவர். ரொனி தோமஸ் என்பவருடனும் தனது சகோதரர்களுடனும் இணைந்து 1996 ஆம் ஆண்டில் இவர் தொடங்கிய நிறுவனமே அட்வென்ற்நெற் ஆகும். வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு வேண்டிய மென்பொருளை அது விற்றது. பொறியியலாளர்கள் சென்னையில் இருந்தனர். வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில் இருந்தனர்.

இணைய அலையின் உச்சத்தில் இந்நிறுவனத்திலும் பணம் போட முதலீட்டாளர்கள் முன்வந்தனர். வேம்பு அதனை ஏற்கவில்லை. அடுத்து வந்த வீழ்ச்சியில் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது அட்வென்ற்நெற் தனது வாடிக்கையாளர்களிற் பெரும்பகுதியை இழந்தது. வெளி முதலீட்டாளரின் பணத்தில் இயங்கிய நிறுவனமாக இருந்திருப்பின் கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் நல்ல காலத்தில் ஈட்டிய இலாபம் செலவழிக்கப்படாமல் கையிருப்பில் இருந்தது. செலவு குறைவாக இருந்தது. கணக்குக் கேட்டு வாசலில் நிற்பவர் எவருமில்லை. வேலை குறைந்த பொறியியலாளர்களைக் கொண்டு புதிய மென்பொருட்களை உருவாக்கும் பணி ஆரம்பிக்கப்பட்டது. நிறுவனங்களின் கணினி வலையமைப்புகளைக் கண்காணிக்கும் 'மனேஜ் என்ஜின்' அவ்வாறு பிறந்தது. 2005 ஆம் ஆண்டளவில் சிறு வர்த்தகர்கள் இணையத்தின் ஊடாகப் பயன்படுத்தும் 'ஸோகோ' மென்பொருட்கள் வெளிவரத் தொடங்கின. 2009 ஆம் ஆண்டு நிறுவனத்தின் பெயரே ஸோகோ என மாற்றப்பட்டது.

மைக்ரோசொப்ற், கூகிள் போன்ற பெரு நிறுவனங்கள் இருக்கும் சந்தையில் இம்முயற்சி பல ஆண்டுகள் எவரது கவனத்தையும் ஈர்க்கவில்லை. பல்கலைக்கழகம் செல்லாத மாணவர்களைத் தெரிந்தெடுத்து, கட்டணம் அறவிடாது, உதவிப்பணமும் வழங்கிப் பயிற்றுவிக்கும் பாடசாலை ஒன்றையும் அந்நிறுவனம் அக்காலத்திலேயே ஆரம்பித்தது. தென்காசி அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகம் அமைத்தது. அமெரிக்காவில் நீண்டகாலம் கலிபோர்னியாவின் பிளசன்ரன் நகரில் இருந்த அலுவலகத்தை, செலவு குறைந்த ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் பகுதிக்கு மாற்றியது. 2022 ஆம் ஆண்டில் அதன் ஆண்டு வருமானம் 100 கோடி டொலரைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் பாவனையாளர் தொகை 10 கோடியை எட்டியது. ஆரம்பித்து இருபத்தாறு ஆண்டுகள் கடந்த பின்னரே முதலாவது எல்லை எட்டப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கு பொறுமைக்கு அடித்தளமாக அமைந்தவை மூன்று. முதலாவது, ஆரம்பம் முதலே வாடிக்கையாளர் கொடுத்த பணத்தில் வாழ்ந்தமை. இரண்டாவது, வருமானத்தை விடச் செலவைக் குறைவாக வைத்திருந்தமை. மூன்றாவது, நிறுவனத்தை எப்போது விற்பது என்று முடிவு செய்யும் உரிமையை வேறொருவர் கையில் கொடுக்காமை. இம்மூன்றும் இல்லாதிருந்தால் சிறீதர் வேம்பு எவ்வளவு பொறுமைசாலியாக இருந்திருந்தாலும் பயன் விளைந்திராது.

முதலீட்டாளரின் கடிகாரம்

அப்படியாயின் வெளி முதலீட்டைப் பெறுவது தவறா என்ற வினா எழுகின்றது. தவறு என்று கூறிவிட முடியாது. ஸோகோ நிறுவனத்தில் பணிபுரிந்த அனுபவத்துடன் வெளியேறி, அதற்கு நேர்மாறான பாதையில் சென்றவர் திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம். 2010 ஆம் ஆண்டு சென்னையில் நண்பர் ஒருவருடன் அவர் தொடங்கிய நிறுவனம் இன்று பிரெஷ்வேக்ஸ் என அழைக்கப்படுகின்றது. 2011 ஆம் ஆண்டில் அக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் அதில் 10 இலட்சம் டொலர் இட்டது. பின்னர் தலைமையகம் கலிபோர்னியாவின் சான் மற்றேயோ நகருக்கு மாறியது. 2021 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22 ஆம் திகதி பங்கொன்று 36 டொலர் வீதம் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டு, 100 கோடி டொலருக்கும் மேல் திரட்டப்பட்டது. நூற்றுக்கணக்கான ஊழியர்கள் இந்திய ரூபாவில் கோடீஸ்வரர்களாயினர்.

இவ்வெற்றி 'ஒரே நாளில்' கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் முதல் முதலீட்டுக்கும் பட்டியலிடலுக்கும் இடையே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அதேவேளை, முதல் நாளின் ஆரவாரத்தில் பங்கு வாங்கிய பொதுமக்களின் அனுபவம் வேறாக இருந்தது. 2025 ஆம் ஆண்டின் முடிவில் அப்பங்கின் விலை முதல் வெளியீட்டு விலையின் அரைவாசிக்கும் கீழேயே இருந்தது. நிறுவனம் நலிவடைந்துவிடவில்லை, அதன் விற்பனை ஆண்டுதோறும் வளர்ந்தே வந்துள்ளது. வாங்கியோர் கொடுத்த விலைதான் அளவுக்கு மிஞ்சியது. பத்து ஆண்டுகள் பொறுத்தவர் பயனடைந்தார். பந்திக்குக் கடைசியில் வந்தவர் பந்தியின் செலவைச் சுமந்தார்.

துணிகர முதலீட்டு நிறுவனங்கள் இயங்கும் முறையை எம்மவர் அறிந்திருப்பது அவசியம். அவையும் பிறரிடம் பணம் பெற்றே முதலிடுகின்றன. ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழக நிதியங்கள் போன்றவை கொடுக்கும் அப்பணத்தைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குள் இலாபத்துடன் திருப்பிக் கொடுக்க வேண்டும். இருபது முப்பது நிறுவனங்களில் இட்ட பணத்தில் பெரும்பகுதி வீணாகும், ஓரிரண்டு மட்டுமே பன்மடங்காகப் பெருகி மற்றவற்றின் நட்டத்தை ஈடு செய்யும் என்பதே அவர்களது கணக்கு. ஆகவே மெதுவாகவும் உறுதியாகவும் வளரும் நிறுவனம் அவர்களுக்குப் போதாது. வேகமாகப் பெருகு, அல்லது விரைவில் மறைந்து போ என்பதே அவர்களது எதிர்பார்ப்பு. இருபது நிறுவனங்களை வைத்திருப்பவருக்கு இது நியாயமான கணக்கு. ஒரே ஒரு நிறுவனத்தையும் ஒரே ஒரு வாழ்வையும் வைத்திருக்கும் ஸ்தாபகருக்கும் ஊழியருக்கும் அது அவ்வாறாக அமைவதில்லை.

அகதியாக வந்தவரின் சான்று

எம்மைப் போன்றே போரும் ஒடுக்குமுறையும் துரத்த நாட்டை விட்டு வெளியேறிய ஒருவரின் பெயர் சிலிக்கன் பள்ளத்தாக்கின் வரலாற்றில் நிலைபெற்றுள்ளது. 1936 ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்ற் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அன்ட்றூ குரோவ், நாசிகளிடமிருந்து தப்பிப் பிழைத்து, 1956 ஆம் ஆண்டு சோவியத் படைகள் நுழைந்த போது எல்லை தாண்டி ஓடியவர். 1957 ஆம் ஆண்டு நியூயோர்க் வந்து சேர்ந்தார். கோடை காலத்தில் உணவு விடுதியில் வேலை செய்தவாறு, 1960 ஆம் ஆண்டு நகரக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1963 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார். 1968 ஆம் ஆண்டு இன்ரெல் நிறுவனம் தோன்றிய போதே அதில் இணைந்தார். 1987 ஆம் ஆண்டிலேயே அதன் பிரதம நிறைவேற்று அதிகாரியானார்.

குரோவின் வாழ்வு பொறுமைக்கு உதாரணம் என்பதோடு, பொறுமையின் எல்லையையும் காட்டுகின்றது. இன்ரெல் முதலில் வளர்ந்தது கணினியின் நினைவகச் சில்லுகளைச் செய்தே. 1980களில் யப்பானிய நிறுவனங்கள் அவற்றை மலிவாகவும் தரமாகவும் செய்யத் தொடங்கிய போது இன்ரெல் நட்டத்தை நோக்கிச் சென்றது. பதினேழு ஆண்டுகள் உழைத்துக் கட்டிய தொழிலைக் கைவிட்டு, நுண்செயலிகளின் மீதே கவனம் செலுத்துவது என்ற முடிவு 1985 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. அன்று பழைய தொழிலையே பற்றி நின்றிருந்தால் அதனைப் பொறுமை என்று வரலாறு கூறியிராது; பிடிவாதம் என்றே கூறியிருக்கும்.

ஸோகோ நிறுவனமும் அண்மையில் இத்தகையதொரு முடிவை எடுத்தது. 70 கோடி டொலர் செலவில் கணினிச் சில்லுகளைத் தயாரிக்கும் திட்டம் ஒன்றை அது வகுத்திருந்தது. பின்பற்றவேண்டிய தொழில்நுட்பத்தில் போதிய நம்பிக்கை ஏற்படவில்லை என்று கூறி 2025 ஆம் ஆண்டு மே மாதம் அதனை இடைநிறுத்தியது. இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்கத் தெரிந்தவர்களே ஒரு திட்டத்தை உரிய வேளையில் நிறுத்தவும் தெரிந்திருந்தனர்.

இன்று உலகின் மிகப் பெறுமதி வாய்ந்த நிறுவனமாகப் பேசப்படும் என்விடியாவின் கதையும் இவ்வாறானதே. தாய்வானில் பிறந்த ஜென்சன் ஹுவாங் இருவருடன் இணைந்து 1993 ஆம் ஆண்டு அதனை விரிகுடாப் பகுதியில் ஆரம்பித்தார். கணினி விளையாட்டுகளுக்கான சில்லுகளை ஏனைய கணிப்புகளுக்கும் பயன்படுத்தும் வழியை 2006 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய போது, அதற்கான செலவு வீண் என்றே பலர் கருதினர். 2012 ஆம் ஆண்டு ரொரன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அச்சில்லுகளைப் பயன்படுத்திப் படங்களை அடையாளம் காணும் போட்டியில் வென்ற பின்னரே அதன் பயன் உலகுக்குத் தெரிந்தது. 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நிறுவனத்தின் பங்குகளின் மொத்தப் பெறுமதி 5 இலட்சம் கோடி டொலரைத் தொட்டது. இடையில் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் அப்பங்கு தன் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இழந்திருந்தது. அன்று வாடகைக்கோ பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கோ பணம் தேவைப்பட்டவர் விற்றுவிட்டுப் போனார். தேவைப்படாதவர் வைத்திருந்தார். இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் அறிவன்று, அவசரமே.

இலங்கையிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். சஞ்ஜீவ வீரவரண முதலானோர் 2005 ஆம் ஆண்டு ஆரம்பித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் நிறுவனம், பொறியியலாளர்களைக் கொழும்பிலும் வர்த்தகத்தைக் கலிபோர்னியாவிலும் வைத்து வளர்ந்தது. போர்க் காலத்தையும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார முறிவையும் கடந்து, 2024 ஆம் ஆண்டில் 60 கோடி டொலருக்கும் மேற்பட்ட பெறுமதியில் சுவீடனின் ஈ.கியூ.ரி. முதலீட்டு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. அந்த நாட்டிலிருந்து உலகத்தரமான மென்பொருள் வர முடியும் என்பதை நிலைநாட்ட அத்தனை காலம் தேவைப்பட்டது.

எம்மவர் வீட்டுக் கணக்கு

மேலே கூறப்பட்டவர்கள் அனைவரும் வென்றவர்கள். இவர்களுக்குச் சற்றும் குறையாமல் உழைத்து, பொறுத்து, தோற்றுப் போனவர்களின் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. அமெரிக்கத் தொழில் புள்ளிவிபரப் பணியகத்தின் நீண்டகாலக் கணக்குகளின்படி, புதிதாகத் தொடங்கும் வர்த்தக முயற்சிகளில் ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகின்றது. ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ அரைவாசியே எஞ்சுகின்றது. பத்தாண்டு கடப்பவை மூன்றில் ஒரு பங்களவே. ஆகவே பொறுமை வெற்றிக்கு உத்தரவாதமன்று. வெற்றி வரும் நாள் வரை அழியாமல் இருப்பதற்கான வழி மட்டுமே அது.

இந்த இடத்தில்தான் புலம்பெயர்ந்த குடும்பங்களின் நிலை தனித்துவமானது. எங்கள் பணத்திற்குத் தவணை உண்டு. ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதாந்தம் அனுப்ப வேண்டும். வீட்டுக் கடன் கட்ட வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டும். சீட்டுப் பிடித்தவர் மாதம் தவறாமல் கட்டியே தீரவேண்டும். சீட்டு எமது சமூகத்தின் சிறந்த ஏற்பாடுகளுள் ஒன்று. வங்கி கைவிட்ட காலத்தில் கடைகளையும் உணவகங்களையும் திறக்க உதவியது அதுவே. ஆனால் சீட்டின் பலம் அதன் தவணை ஒழுங்கில் உள்ளது. எந்த நாளில் பலன் தரும் என்று எவராலும் கூறமுடியாத முயற்சியில், குறித்த நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தை இடுவது இரண்டையும் அழிக்கும் செயலாகும். தவணை உள்ள பணத்தைத் தவணை இல்லாத காரியத்தில் இடலாகாது. வீட்டின் மீது எடுத்த கடனுக்கும் இதுவே பொருந்தும்.

ஊழியராகச் சேரும் இளைஞர்கள் சில விடயங்களை எழுத்தில் பார்த்தறிய வேண்டும். சம்பளத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் பங்கு வாங்கும் உரிமை பொதுவாக நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே கைக்கு வருகின்றது. முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் எதுவுமில்லை. விலகிய பின் பெரும்பாலான நிறுவனங்கள் தொண்ணூறு நாட்களுக்குள் பணம் கட்டிப் பங்குகளை வாங்கச் சொல்கின்றன. அதற்கு வரியும் வரலாம். நிறுவனம் விற்கப்படும்போது முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்குகளுக்குக் கொடுத்த பின்னர் எஞ்சுவதே ஊழியர்களுக்குச் சேரும். ஆதலால் பெருந்தொகைக்கு விற்பனையான நிறுவனத்திலும் ஊழியர் வெறுங்கையுடன் வீடு திரும்ப நேரலாம். இந்த உரிமையைப் பரிசாகக் கருதலாம். சம்பளமாகக் கருதிக் கடன் வாங்கலாகாது.

சேமிப்பையும் சம்பளத்தையும் ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை ரெக்சாஸ் வாசிகள் கண்ணால் கண்டனர். ஹூஸ்ரன் நகரைத் தலைமையகமாகக் கொண்டிருந்த என்றோன் நிறுவனம் 2001 ஆம் ஆண்டு டிசெம்பர் 2 ஆம் திகதி வங்குரோத்து நிலையை அறிவித்த போது, ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஒரே நாளில் வேலையை இழந்தனர். தமது ஓய்வூதியச் சேமிப்பை அந்நிறுவனப் பங்குகளிலேயே வைத்திருந்தோர் அதனையும் இழந்தனர். ஒரு கூரையின் கீழ் உழைப்பையும் சேமிப்பையும் வைத்தவர்களுக்கு அக்கூரை விழுந்தபோது ஒதுங்க இடமிருக்கவில்லை.

நண்பரோ உறவினரோ தொடங்கும் நிறுவனத்தில் பணம் போடக் கேட்டால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களின் முதலீட்டு வாய்ப்புகள் பெரும்பாலும் ஆண்டு வருமானம் 2 இலட்சம் டொலருக்கு மேற்பட்டவர்களுக்கோ, குடியிருக்கும் வீட்டைத் தவிர்த்து 10 இலட்சம் டொலருக்கு மேல் சொத்துள்ளவர்களுக்கோ உரியவை. 2016 ஆம் ஆண்டு முதல் ஏனையோரும் பதிவு செய்யப்பட்ட இணையத் தளங்களின் ஊடாக வரையறுக்கப்பட்ட தொகையை இட வழி திறந்துள்ளது. இவ்வரையறைகள் ஏழைகளை ஒதுக்குவதற்கென வந்தவை அல்ல; முழுத்தொகையையும் இழந்தாலும் வீட்டு அடுப்பு எரியவேண்டும் என்ற எண்ணத்தில் வந்தவை. எழுத்தில் எதுவும் தராமல், மாதாமாதம் நிச்சய வட்டி தருவதாகக் கூறி எவரேனும் பணம் கேட்டால் அது தொழில் முயற்சியே அன்று. விலகி நிற்பதே அறிவுடைமை.

வதிவிட நிலை உறுதிப்படாதவர்களுக்கு மேலும் ஒரு தடை உண்டு. தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால் பொதுவாக அறுபது நாட்கள் வரையே அவகாசம் கிடைக்கின்றது. அவர் சேரும் சிறு நிறுவனம் முறிந்தால் முறிவது உத்தியோகம் மட்டுமன்று, நாட்டில் இருக்கும் உரிமையுமாகும். அரசியற் தஞ்சம் கோரியவர்கள் தொழில் அனுமதி கிடைக்குமுன் தமது சொந்த நிறுவனத்தில் வேலை செய்வதும் சட்டச் சிக்கலை உண்டாக்கக்கூடும். குடிவரவு விதிகளும் கட்டணங்களும் 2025 ஆம் ஆண்டு முதல் அடிக்கடி மாற்றப்பட்டு வருவதால், இவ்விடயத்தில் அயலவர் சொல்வதைக் கேளாது தகுதியுள்ள சட்டத்தரணியைக் கேட்பதே உகந்தது.

காத்திருக்கக் கற்றல்

இவை யாவும் இளைஞர்களைத் தடுப்பதற்காகக் கூறப்படுபவை அல்ல. ஒரு தலைமுறை உணவகங்களின் சமையலறைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் இரவு பகலாக நின்று உழைத்ததே, அடுத்த தலைமுறை தன் விருப்பத் தொழிலைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதற்காகத்தான். அந்தத் தெரிவுக்குக் குடும்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி வீட்டை ஈடு வைத்துப் பெரும் பணம் கொடுப்பதன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றி வீட்டில் இருக்கவிடுவதும், கணவன் மனைவியரில் ஒருவரது நிலையான சம்பளத்தையும் மருத்துவக் காப்புறுதியையும் காப்பாற்றி வைப்பதும், ஓராண்டுச் செலவுக்கான தொகையை எவரும் தொடாமல் வங்கியில் விடுவதுமே ஆகும். இத்தகைய ஏற்பாடு உள்ள இளைஞர் தன் முயற்சிக்கு முதலாவது வாடிக்கையாளரைத் தேடும் அவகாசத்தைப் பெறுகின்றார். முதலீட்டாளரிடம் செல்ல நேர்ந்தாலும் கையேந்தி நிற்காமல் நிபந்தனைகளைப் பேசும் நிலையில் செல்கின்றார்.

காத்திருப்பது வீணா அல்லவா என்பதை அளக்கவும் அளவுகோல் உண்டு. பணம் கொடுத்து வாங்கியவர் மீண்டும் வந்து வாங்குகின்றாரா? ஒவ்வோர் ஆண்டும் வரவுக்கும் செலவுக்கும் இடையிலான துண்டு குறைகின்றதா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று கணக்குப் புத்தகம் கூறுமாயின் ஊரார் சிரித்தாலும் தொடரலாம். இல்லை என்று இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கூறுமாயின், இன்ரெல் செய்தது போல் வேறு வழி தேடுவதில் வெட்கமில்லை.

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பனை காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும் என்பதை அறிந்தே எம் முன்னோர் அதனை நட்டனர். அவர்கள் வெறுமனே பனையைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கவில்லை. வடலிகள் வளரும் வரை தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்து, கிணற்று நீர் இறைத்து, வயிற்றைக் காத்தனர். நியூ ஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் ரெக்சாசிலும் புதிய தொழில் நாட்டுவோரும், அதில் பணம் இடுவோரும் கைக்கொள்ள வேண்டிய முறை அதுவே. நாளாந்தச் சோற்றுக்கு ஒரு வழியை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் மிஞ்சியதை நெடுங்காலப் பயிரில் இடுவோமாக. அப்போது விலை ஏறினும் இறங்கினும் இரவில் உறக்கம் கெடாது.